டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு: துறையைத் தேர்ந்தெடுக்கும் முன் பெற்றோரும் மாணவரும் அறிய வேண்டியவை

பிள்ளை வெளிநாட்டில் படிக்கப் போகிறது என்ற செய்தி தோட்டப்புறத்து வீட்டுக்கு வந்தாலும் சரி, பட்டணத்துத் தாமான் வீட்டுக்கு வந்தாலும் சரி, உறவினர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "டாக்டருக்கா, என்ஜினியருக்கா?" உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த மாணவரால் இதற்கு உடனே பதில் சொல்லிவிட முடியும். கடிதத்திலேயே துறையின் பெயர் இருக்கும். ஆனால், கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகக் கலை, அறிவியல் புலத்தில் இடம் கிடைத்த மாணவரால் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே எந்தத் துறையில் பட்டம் என்பது பெரும்பாலும் முதலாம் ஆண்டு முடிந்த பிறகே முடிவாகிறது.

இந்தச் சுதந்திரம் சிலருக்கு வரமாக அமைகிறது. விவரம் தெரியாமல் போகிறவர்களுக்கு அதுவே பெரும் செலவாக முடிகிறது. ஓராண்டு தவறினால் வீணாவது ஓராண்டு மட்டுமல்ல. தந்தையின் சேமநிதியில் ஒரு பகுதியும் அதோடு போய்விடும். ஆகவே, விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே இந்த முறையைப் புரிந்துகொள்வது அவசியம்.

எப்படிப்பட்ட பல்கலைக்கழகம்?

1827ஆம் ஆண்டில் கிங்ஸ் கல்லூரியாகத் தொடங்கப்பட்டு, 1850இல் டொராண்டோ பல்கலைக்கழகம் என்று பெயர் மாற்றம் பெற்ற கல்வி நிலையம் இது. நகரின் நடுவே செயின்ட் ஜார்ஜ் வளாகம், கிழக்கே ஸ்கார்பரோ வளாகம், மேற்கே மிசிசாகா வளாகம் என மூன்று வளாகங்கள் உள்ளன. நீரிழிவு நோயாளிகள் தினமும் போட்டுக்கொள்ளும் இன்சுலின் 1921இல் இங்குதான் கண்டுபிடிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெஃப்ரி ஹின்டன், இப்பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர்.

ஸ்கார்பரோ பகுதியில் ஈழத் தமிழர்கள் பெருமளவில் வாழ்கின்றனர். ஸ்கார்பரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைப்பதற்கான 30 லட்சம் டாலர் நிதி இலக்கு, சமூகத்தின் நன்கொடையால் 2021இல் எட்டப்பட்டது. தமிழ்க் கடையும் கோயிலும் இருப்பது பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு ஆறுதல் தரலாம். ஆனால், படிப்பின் கடுமையை அது குறைத்துவிடாது.

விண்ணப்பத்தில் கேட்கப்படுவது துறையல்ல, பிரிவு

செயின்ட் ஜார்ஜ் வளாகத்தின் கலை, அறிவியல் புலத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவர், குறிப்பிட்ட பட்டத்துக்கு விண்ணப்பிப்பதில்லை. உயிர் அறிவியல், இயற்பியல் மற்றும் கணித அறிவியல், சமூக அறிவியல், மானுடவியல் துறைகள், கணினி அறிவியல், ராட்மன் வணிகவியல் ஆகிய சேர்க்கைப் பிரிவுகளில் ஒன்றுக்கே விண்ணப்பிக்கிறார்.

இவற்றுள் கணினி அறிவியலும் ராட்மன் வணிகவியலும் தனி ரகம். கணினி அறிவியல் படிக்க விரும்புகிறவர் தொடக்கத்திலேயே அந்தப் பிரிவில் இடம் பெறுவது நல்லது. "முதலில் கணிதப் பிரிவில் நுழைந்துவிடுவோம், பிறகு கணினிக்கு மாறிக்கொள்ளலாம்" என்ற கணக்கு பலருக்குப் பொய்த்துவிடும். வெளியிலிருந்து மாறுகிறவர்களுக்கான இடங்கள் மிகக் குறைவு, போட்டியோ கடுமை. நேரடியாக இடம் பெற்றவர்கள்கூட முதலாம் ஆண்டின் குறிப்பிட்ட பாடங்களில் நிர்ணயிக்கப்பட்ட மதிப்பெண்ணை எடுத்தாக வேண்டும்.

20 கிரெடிட் கணக்கு

ஹானர்ஸ் இளங்கலைப் பட்டம் பெற மொத்தம் 20 கிரெடிட் தேவை. ஒரு பருவத்தில் முடியும் பாடத்துக்கு அரை கிரெடிட். ஆண்டுக்குப் பத்துப் பாடங்கள், அதாவது 5 கிரெடிட் என்று படித்தால் நான்காண்டில் பட்டம் முடியும்.

இந்த 20 கிரெடிட்டுக்குள் மாணவர் தம் துறையை மூன்று வழிகளில் அமைத்துக்கொள்ளலாம்.

முதல் வழி, ஒரு ஸ்பெஷலிஸ்ட். ஒரே துறையில் ஆழமாகப் படிப்பது. ஏறக்குறைய 10 கிரெடிட்டோ அதற்கு மேலோ அந்தத் துறைக்கே போய்விடும். என்ன வேண்டும் என்பதில் தெளிவாக இருப்பவர்களுக்கும், ஆராய்ச்சிப் படிப்பைத் தொடர நினைப்பவர்களுக்கும் இது ஏற்றது.

இரண்டாவது வழி, இரண்டு மேஜர். ஒவ்வொரு மேஜருக்கும் பொதுவாக 6 முதல் 8 கிரெடிட் தேவைப்படும். பொருளியலும் புள்ளியியலும், உயிரியலும் உளவியலும் என இணையும் துறைகளைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வழி, ஒரு மேஜரும் இரண்டு மைனரும். ஒரு மைனருக்குச் சுமார் 4 கிரெடிட்.

எந்த வழியானாலும் தேர்ந்தெடுத்த துறைகளில் ஒன்றுக்கொன்று வேறான குறைந்தது 12 கிரெடிட் இருக்க வேண்டும். ஒரே பாடத்தை இரண்டு துறையிலும் காட்டிக் கணக்கை முடித்துவிட இயலாது.

இதோடு, எல்லா மாணவருக்கும் பரந்த அறிவுக்கான விதி ஒன்று உண்டு. கலையும் பண்பாடும், சிந்தனையும் நடத்தையும், சமூகமும் அதன் அமைப்புகளும், உயிரினங்களும் சுற்றுச்சூழலும், இயற்பியல் மற்றும் கணித உலகம் என்று பாடங்கள் ஐந்து வகையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கணிதம் படிக்கும் மாணவர் தம் துறைக்கு வெளியே உள்ள பாடங்களைத் தொடாமல் பட்டம் வாங்க முடியாது. இலக்கியம் படிப்பவரும் அறிவியல் பக்கம் எட்டிப் பார்த்தே ஆக வேண்டும். இதைக் கடைசி ஆண்டு வரை தள்ளிப்போடுகிறவர்கள், பட்டமளிப்பு நெருங்கும்போது அரை கிரெடிட்டுக்காக அல்லாடுவார்கள்.

முதலாம் ஆண்டே வாசல்

4 கிரெடிட் முடித்த பிறகு மாணவர் தம் துறையில் சேர வேண்டும். சில துறைகளில் யார் வேண்டுமானாலும் சேரலாம். சிலவற்றில் குறிப்பிட்ட முதலாம் ஆண்டுப் பாடத்தை முடித்திருந்தால் போதும். சிலவற்றில் இடங்கள் வரையறுக்கப்பட்டவை. அந்தப் பாடங்களில் எடுத்த மதிப்பெண்ணை வைத்தே இடம் கிடைக்கும். குறைந்தபட்ச மதிப்பெண்ணை எடுத்துவிட்டாலே இடம் உறுதி என்றும் சொல்ல முடியாது.

ஆகவே, முதலாம் ஆண்டில் எந்தப் பாடங்களை எடுக்கிறோம் என்பதுதான் உண்மையான முடிவு. கணிதம் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. நுண்கணிதம் ஒன்றுதான், ஆனால் அதைக் கற்பிக்கும் பாடங்கள் மூன்று படிகளாக உள்ளன. மேட் 135, 136 ஆகியவை கணக்குப் போடும் திறனுக்கு முக்கியத்துவம் தருபவை. உயிர் அறிவியல், சமூக அறிவியல் மாணவர்கள் பெரும்பாலும் எடுப்பவை. மேட் 137 நிறுவல்களோடு கற்பிக்கப்படுவது. மேட் 157 கணிதத்தையே வாழ்க்கையாக எண்ணுகிறவர்களுக்கான பகுப்பாய்வுப் பாடம்.

கடினமானதை எடுத்தால் பெருமை என்று மேட் 157இல் சேர்ந்து மதிப்பெண்ணைக் கெடுத்துக்கொள்வதும் தவறு. சுலபமானதை எடுத்துவிட்டு, பிறகு தாம் விரும்பும் துறை அதை ஏற்பதில்லை என்று தெரிந்து தவிப்பதும் தவறு. விரும்பும் துறை எந்தப் பாடத்தைக் கேட்கிறது என்பதைப் பல்கலைக்கழகத்தின் பாடக் கையேட்டில் முதலில் பார்த்துவிட்டு, அதன்பின் பாடத்தைப் பதிய வேண்டும். அதோடு, போட்டியில்லாத இன்னொரு துறைக்கும் வழி திறந்திருக்குமாறு முதலாம் ஆண்டை அமைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஓர் எடுத்துக்காட்டு: ஆறாம் படிவத்தில் உயிரியல், வேதியியல், கணிதம் படித்த மாணவி ஒருவர் உயிர் அறிவியல் பிரிவில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பயோ 120, பயோ 130, வேதியியல், நுண்கணிதம் ஆகியவற்றோடு உளவியல் அறிமுகப் பாடத்தையும் எடுத்தால், ஆண்டு முடிவில் உயிரியல், உளவியல், உடலியங்கியல் எனப் பல பக்கமும் அவர் திரும்பலாம். வேதியியல் கைவிட்டாலும் ஆண்டு வீணாகாது. அறிவியல் பாடங்களை மட்டும் எடுத்து, அவற்றில் ஒன்றில் சறுக்கினால் திரும்புவதற்கு இடமிருக்காது.

மதிப்பெண் அதிர்ச்சி

எஸ்.டி.பி.எம். மாணவருக்கு 4.00 புள்ளி முறை பழக்கமானதுதான். டொராண்டோவிலும் அதே அளவுகோல்தான். 85க்கு மேல் 4.0; 80 முதல் 84 வரை 3.7, 73 முதல் 76 வரை 3.0, 63 முதல் 66 வரை 2.0. ஆனால், இங்கே ஏ எடுத்தவர் அங்கேயும் ஏ எடுப்பார் என்று சொல்வதற்கில்லை. பள்ளியில் முதல் மாணவராக இருந்தவர், எல்லாரும் அவரவர் பள்ளியில் முதல் மாணவராக இருந்த வகுப்பில் போய் உட்காருகிறார். முதலாம் ஆண்டு விரிவுரைகள் சில, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய கன்வொகேஷன் மண்டபத்தில் நடக்கின்றன. அங்கே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "ஏன் இந்த வாரம் வரவில்லை?" என்று கேட்க ஆசிரியர் இல்லை.

ஹானர்ஸ் பட்டம் பெற ஒட்டுமொத்தப் புள்ளி 1.85 இருக்க வேண்டும். 1.50க்குக் கீழே போனால் மாணவர் நன்னடைக் காலத்தில் வைக்கப்படலாம். தொடர்ந்து தேறாவிட்டால் இடைநீக்கம் வரை போகும்.

தடுமாறுகிறவர்களுக்குப் பல்கலைக்கழகமே சில கதவுகளைத் திறந்து வைத்துள்ளது. குறிப்பிட்ட தேதிக்குள் பாடத்தைக் கைவிட்டால் அது மதிப்பெண் பட்டியலில் இடம்பெறாது. அந்தத் தேதியைத் தவறவிட்டவர்கள், படிப்புக்காலம் முழுவதற்கும் 3 கிரெடிட் வரை, பருவ வகுப்புகள் முடிவதற்குள் தாமதமாக விலகிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். 2 கிரெடிட் வரை மதிப்பெண் இல்லாமல் தேர்ச்சி, தேர்ச்சியின்மை என்று மட்டும் பதிவு செய்துகொள்ளவும் வழியுண்டு. ஆனால், அத்தகைய பாடத்தைத் துறைக்கான பாடமாகக் காட்ட முடியாது. வெளிநாட்டு மாணவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பாடங்களைக் கைவிட்டுக்கொண்டே போய் முழுநேர மாணவர் என்ற தகுதியை இழந்தால், அது மாணவர் அனுமதியையும் பின்னர் கிடைக்க வேண்டிய வேலை அனுமதியையும் பாதிக்கும்.

செயின்ட் ஜார்ஜ் வளாகத்தில் ஏழு கல்லூரிகள் உள்ளன. கலை, அறிவியல் மாணவர் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றைச் சேர்ந்தவர். பாடத் தேர்வு, பணச் சிக்கல், மனச் சோர்வு எதுவானாலும் முதலில் போக வேண்டிய இடம் அந்தக் கல்லூரியின் பதிவாளர் அலுவலகம். நம் பிள்ளைகள் பலர் அலுவலகம் என்றாலே தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

மருத்துவம், சட்டம்: கவனம் தேவை

பெற்றோர் அதிகம் ஏமாறுவது இங்கேதான். கனடாவில் மருத்துவமும் சட்டமும் பள்ளி முடித்தவுடன் நேரடியாகச் சேரும் படிப்புகள் அல்ல. முதலில் இளங்கலைப் படிப்பு, அதன்பிறகே விண்ணப்பம். உயிர் அறிவியல் பிரிவில் இடம் கிடைப்பது மருத்துவத்தில் இடம் கிடைப்பதாகாது. கனடாவின் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதில்லை. சேர்ப்பவற்றிலும் இடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மருத்துவர் ஆவது ஒன்றே நோக்கம் என்றால், கனடாவின் உயிர் அறிவியல் பட்டம் மிகச் சுற்றுவழி. சட்டத்துறையிலும் இதே நிலைதான். மலேசியாவில் வழக்கறிஞராக எண்ணுகிறவர், சட்டத் தொழில் தகுதி வாரியம் எந்த நாட்டுப் பட்டங்களை ஏற்கிறது என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

பொறியியலின் நிலை வேறு. அது தனிப் புலம். பள்ளி முடித்தவுடன் நேரடியாகச் சேரலாம். எந்தப் பொறியியல் என்று முடிவு செய்யாதவர்களுக்கு டிராக் ஒன் என்ற பொது முதலாம் ஆண்டு உண்டு. ஆண்டை நல்லபடியாக முடித்தால் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் போன்ற அடிப்படைத் துறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பொறியியல் அறிவியல் என்ற படிப்பு இவற்றுள் மிகக் கடினமானது. முதல் இரண்டாண்டுகள் பொதுவானவை, அடுத்த இரண்டாண்டுகளில்தான் சிறப்புத் துறை. பொறியியல் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் கனடா 1989 முதலும் மலேசியா 2009 முதலும் உறுப்பு நாடுகள். ஆகவே, அங்கீகாரம் பெற்ற கனடா பொறியியல் பட்டத்தோடு ஊர் திரும்புகிறவருக்கு வழி ஓரளவு தெளிவாகவே உள்ளது.

வேலை அனுபவத்தோடு படிக்க விரும்புகிறவர்கள், அதே ஒன்டாரியோ மாநிலத்தின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தையும் பார்க்கலாம். 1957இல் தொடங்கியதிலிருந்தே கூட்டுறவுக் கல்வி முறைக்குப் பெயர் பெற்ற இடம் அது. ஒரு பருவம் படிப்பு, ஒரு பருவம் சம்பளத்துடன் வேலை என மாறி மாறி வரும். கணிதத்தில் வலுவான மாணவர்களுக்கு அங்குள்ள கணிதப் புலமும் காப்பீட்டுக் கணிதத் துறையும் நல்ல வாய்ப்பு.

நுழைவுத் தகுதி

எஸ்.பி.எம். மட்டும் போதாது. எஸ்.டி.பி.எம்., ஏ லெவல் போன்ற தகுதிகள் ஏற்கப்படுகின்றன. தனியார் கல்லூரிகள் சில நடத்தும் ஒன்டாரியோ மாநிலப் பன்னிரண்டாம் வகுப்புப் படிப்பும் ஒரு வழி. அதில் ஆண்டு முழுவதும் செய்யும் பணிகளுக்கு 70 விழுக்காடும் இறுதி மதிப்பீட்டுக்கு 30 விழுக்காடும் தரப்படுவதால், ஒரே தேர்வில் பதற்றப்படும் மாணவருக்கு அது பொருந்தும். ஆனால், அதற்குத் தனியார் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். எஸ்.டி.பி.எம். கல்விக்கு அந்தச் செலவு இல்லை.

அறிவியல், பொருளியல், வணிகவியல் எதுவானாலும் நுண்கணிதம் கேட்கப்படும் வாய்ப்பு அதிகம். ஆறாம் படிவத்தில் கணிதத்தைக் கைவிடுகிறவர் பல கதவுகளை அன்றே மூடிவிடுகிறார். ஆங்கிலத் தகுதிக்கு ஐஇஎல்டிஎஸ் தேர்வில் மொத்தம் 6.5ம், எந்தப் பகுதியிலும் 6.0க்குக் குறையாமலும் எடுக்க வேண்டும்.

பணம்: மறைக்காமல் பேச வேண்டியது

கலை, அறிவியல் புலத்தில் வெளிநாட்டு மாணவருக்கான கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 60,000 கனடா டாலர். கணினி அறிவியல், வணிகவியல், பொறியியல் ஆகியவற்றுக்கு இதைவிடவும் கூடும். ஒரு டாலருக்கு 3 வெள்ளி என்று வைத்தாலும் ஆண்டுக்கு 180,000 வெள்ளி. தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து நான்காண்டுக்குக் கணக்கிட்டால் 10 லட்சம் வெள்ளியை எட்டும். பிடிபிடிஎன் கடனுதவி உள்நாட்டுக் கல்வி நிலையங்களுக்கு மட்டுமே. சேமநிதியின் அக்கவுன் செஜாத்ராவிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்க முடியும் என்றாலும், அதில் சேர்வது சந்தாவில் 15 விழுக்காடுதான்.

மாணவர் அனுமதிக்கு, முதலாம் ஆண்டுக் கட்டணம் தவிர, வாழ்க்கைச் செலவுக்கென்று தனித்தொகை காட்ட வேண்டும். 2024இல் 20,635 டாலராக உயர்த்தப்பட்ட அந்தத் தொகை, 2025 செப்டம்பர் முதல் 22,895 டாலராகியுள்ளது. 2024 முதல் அனுமதிகளின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு விதிக்கப்பட்டு, மாநில அரசின் சான்றுக் கடிதமும் கேட்கப்படுகிறது. படிக்கும்போது வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம் வேலை செய்யலாம். கைச்செலவுக்கு அது உதவும், கட்டணத்துக்குப் போதாது. "போய் வேலை செய்து கட்டிக்கொள்வான்" என்ற நம்பிக்கையில் வீட்டை அடகு வைப்பது ஆபத்து.

அப்படியானால் நம் பிள்ளைகளுக்கு வழியே இல்லையா? உண்டு. டொராண்டோ வழங்கும் லெஸ்டர் பி. பியர்சன் உபகாரச் சம்பளம், நான்காண்டுக் கட்டணம், புத்தகம், தங்குமிடம் அனைத்தையும் ஏற்கிறது. ஆண்டுக்கு உலகெங்கிலுமிருந்து 37 பேர் அளவில் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். இதற்கு மாணவரைப் பள்ளிதான் முன்மொழிய வேண்டும். ஆகவே, ஆறாம் படிவத்தின் தொடக்கத்திலேயே பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் பேசிவிட வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் குடும்பத்தின் பணத்தேவையைக் கணக்கில் கொள்ளும் உபகாரச் சம்பளம் உள்ளது. நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகத்தில் கட்டணமே ஆண்டுக்கு 20,000 டாலரைச் சற்றுத் தாண்டும் அளவில்தான் உள்ளது. பெயரை மட்டும் பார்க்காமல் தொகையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் வெட்கமில்லை.

புறப்படும் முன் ஒரு பேச்சு

கடைசியாக ஒன்று, இது எந்தக் கையேட்டிலும் இருக்காது. தொலைபேசியில் அம்மா கேட்கும்போது, "நல்லா இருக்கேன்மா, படிப்பு நல்லா போகுது" என்று சொல்லிவிட்டு, பாடத்தில் தோற்றதை மறைக்கும் பிள்ளைகள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். வீட்டார் பட்ட கடனை நினைத்தே அவர்கள் மறைக்கிறார்கள். மறைக்கும் ஒவ்வொரு வாரமும் பாடத்தைக் கைவிடும் தேதியும் துறையை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பும் கடந்து போகின்றன.

எனவே, புறப்படும் முன்பே குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டியவை மூன்று. முதல் விருப்பத் துறை கிடைக்காவிட்டால் இரண்டாவது எது? பணம் எத்தனை ஆண்டுக்குக் கையில் உள்ளது? ஒரு பாடம் தவறினால் வீட்டில் யாரிடம் முதலில் சொல்வது? மூன்றாவது கேள்விக்கு வீட்டில் ஒரு பெயர் இருந்தால், பிள்ளை எதையும் மறைக்க வேண்டியிருக்காது. "எத்தனை மார்க்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எந்தப் பாடம் கஷ்டமாக இருக்கிறது?" என்று பெற்றோர் கேட்டாலே போதும், பதில் உண்மையாக வரும்.

"டாக்டருக்கா, என்ஜினியருக்கா?" என்று கேட்கும் உறவினருக்கும் பதில் ஒன்று தயாராக இருக்கட்டும்: "முதலாம் ஆண்டு முடியட்டும், சொல்கிறோம்." டொராண்டோவைப் பொறுத்தவரை அது மழுப்பலல்ல, அதுவே சரியான பதில்.